கேட்டால் சொல்லுவாள்

அவளிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டு மேல் அறைக்கு அவள் குடிவந்த முதல் மாதத்திலேயே இதை நாங்கள் தெரிந்துகொண்டோம். கேட்காமல் எதையும் சொல்லமாட்டாள். கேட்டுவிட்டால் எதையும் மறைக்கமாட்டாள்.

பள்ளிக்கூட விழாவுக்கு வெளிக்கிட்டு நின்று, "சாறி எப்பிடி இருக்கு?" என்று ஒருநாள் நான் வாயைக் கொடுத்தேன். தலையைச் சரித்து மேலும் கீழும் பார்த்தாள். "சாறி வடிவு. உங்களுக்குச் சரிவரல்ல அக்கா" என்றாள். முகத்தில் குறும்பும் இல்லை, இரக்கமும் இல்லை. தராசு முள்ளைப் பார்த்து நிறையைச் சொல்லுகிற ஆளின் முகம். நான் உள்ளே போய் வேறு சாறி மாற்றிக்கொண்டு போனேன்.

அதைவிட மோசமானது தொலைபேசிக் கதை. என் கணவருக்கு அப்போது டோஹாவில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பார். ஒரு வெள்ளி நான் குளித்துக்கொண்டிருந்தபோது மணி அடிக்க, அவள் எடுத்திருக்கிறாள். "அவ எப்பிடி இருக்கிறா?" என்று இவர் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். "பகல்ல நல்லா இருக்காங்க. ராவில அழுறாங்க. மேல என்ட அறைக்குக் கேக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து றிசீவரை வாங்கியபோது, "ராவில ஏன் அழுறீர்?" என்றுதான் தொடங்கினார். அந்த வருடம் அவர் லீவை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நான்தான் அவளோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதை அவள் கவனித்தாளோ தெரியாது.

வீடு மாமாவுடையது. மாமா என்றால் என் கணவரின் தகப்பன். ரயில்வே கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர், மாமி இறந்த பிறகு நாங்கள் அவரோடு இருந்தோம். அவருக்கு இது இரண்டாவது வீடு. கிருலப்பனையில் இருந்த முதல் வீடு எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எரிந்தது. பின்மதிலால் ஏறிக் குதித்து ஓடியவர், மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அது எரிவதைப் பார்த்தவர். பிறகு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இந்தப் பழைய வீட்டை வாங்கினார். "இனி ஓடுறதெண்டால் கடலுக்குள்ளதான்" என்று வருகிற ஆட்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். சிரிப்பு கண்வரை போகாது.

பக்கத்து வீட்டுக்காரர் லண்டன் போகும்போது காணியை விற்றுவிட்டார்கள். வாங்கிய கொம்பனி வீட்டை உடைத்துத் தரைமட்டமாக்கி, மாடிக் குடியிருப்பு கட்டப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டது. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கீழே வாகனம் நிறுத்தும் தளம் ஒன்று போட வேண்டும் என்பதால் ஆழமாகத் தோண்டினார்கள். ஊறுகிற தண்ணீரை பம்புகள் பகலும் இரவும் இறைத்துத் தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள் விட்டன. அந்த உறுமல் எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

அந்தக் காலத்தில்தான் அவள் அறை கேட்டு வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி, கட்டை மயிர், ஆண்கள் போடுகிற மாதிரிச் சப்பாத்து, கழுத்தில் சின்னச் சிலுவை. சிவில் எஞ்சினியரிங் படித்து முடித்து, பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு ஆராய்ச்சி செய்கிறாள் என்றாள். தகப்பன் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர், சொந்த வீடு கொட்டாஞ்சேனையில். மாமா கேட்டதெல்லாம் சமைப்பீரோ, ஆட்கள் வந்து போவினமோ, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர் என்பவைதான். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். பிறகு, "சுவரில கொஞ்சம் ஆணி அடிக்கலாமா அங்கிள்?" என்று கேட்டாள்.

"மாதா படம் மாட்டத்தானே? தாராளமா அடியும் பிள்ளை" என்றார் மாமா. தலையைக் குனிந்து கொஞ்சம் யோசித்தாள். "கீழ்ச் சுவர்லயும் அடிக்கணும்" என்றாள். வேதக்காரப் பிள்ளை, பக்தி கூட என்று மாமா நினைத்துக்கொண்டார்.

வெளியாள் ஒருவர் தங்கினால் பொலிசில் பதிய வேண்டிய யுத்த காலம் அது. பதியாவிட்டால் சுற்றிவளைப்பில் வீட்டுக்காரரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவார்கள். மாமாவும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். மேசையில் இருந்த சார்ஜன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் வீடு இருக்கும்போது வெள்ளவத்தையில் என்ன அறை என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் சொல்லுகிற பதில் ஒன்று உண்டு: படிக்கிற இடம் கிட்ட. அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அவள் நல்ல சிங்களத்தில் முழுவதையும் சொன்னாள். இவர்களின் வீட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டுகிறார்கள். தண்ணீரை இறைக்கிறார்கள். நிலத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீர் குறைந்தால் மணல் அமரும், மேலே இருக்கிற வீடும் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. காலையும் மாலையும் அளக்க வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொட்டாஞ்சேனையில் இருந்து அந்த நேரங்களுக்கு வந்து போக ஏலாது. ஆகவே இந்த வீட்டில் அறை எடுத்தேன்.

சார்ஜன் பேனையைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் வீடு விழுகிறதைப் பார்க்கத்தானா வந்திருக்கிறாய்?"

"விழுகிறதை இல்லை, சேர். இறங்குகிறதை."

சார்ஜன் மாமாவின் பக்கம் திரும்பினார். "மாத்தயா, இது உங்களுக்குத் தெரியுமா?"

தன் வீட்டில் இருக்கிற ஆளைப் பற்றித் தனக்கே தெரியாது என்று ஒரு தமிழன் பொலிஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். மாமா, "தெரியும், சேர்" என்றார். சார்ஜன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பொலிஸ் நிலையத்தை விட்டுத் தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "எங்களிட்ட ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லதானே அக்கா."

அன்றைக்கே அவளைப் போகச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். மாமா அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து, சாய்மனைக் கதிரையில் விழுந்தார். பிறகு, "வீட்டுக்கு என்ன நடக்குது எண்டு தெரிஞ்ச ஒருத்தி வீட்டுக்குள்ள இருக்கிறது நல்லதுதானே" என்றார். அவளைக் கூப்பிட்டு, "எங்கட வீட்டுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"இறங்கும் அங்கிள். எவ்வளவு எண்டு இப்ப தெரியாது. முழு வீடும் ஒண்டா இறங்கினா பெரிய பிரச்சினை இல்ல. ஒரு பக்கம் மட்டும் இறங்கினா வெடிக்கும்."

அடுத்த நாள் மாமா கொம்பனிக்குப் போய்ச் சத்தம் போட்டார். கழுத்துப் பட்டி கட்டின ஒருவர் பிஸ்கட் பேணியோடு வீட்டுக்கு வந்து, பழைய வீடுகளில் வெடிப்பு வருவது வழமைதான், வேலை முடிந்ததும் பூசித் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அடித்த ஆணிகள் பித்தளை ஆணிகள். ஒன்றிலும் படம் தொங்கவில்லை. காலையில் நான் பள்ளிக்கூடம் போக வெளிக்கிடும்போது முற்றத்தில் மூன்று கால் அளவுக் கருவியை நிறுத்தி, அந்த ஆணிகள் எவ்வளவு இறங்கியிருக்கின்றன என்று அதற்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கொம்பனியின் அனுமதியோடு குழிக்குள்ளும் அளக்கப் போவாள். குழிக்குப் பக்கமாக, மதிலை ஒட்டினாற்போல் மாமாவின் படுக்கையறையும் ஒரு குளியலறையும் இருந்தன. அந்தச் சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்பு வந்ததும், அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டினாள். வெடிப்பு அசைந்தால் கண்ணாடி உடையும். ஒருநாள் மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூவரும் கையை எடுக்காமல் அப்படியே இருந்தோம். அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி சாப்பிட இருந்தாள். நாங்கள் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

தொடக்கத்தில் மாமா ஒவ்வொரு காலையும், "இண்டைக்கு எவ்வளவு பிள்ளை?" என்று கேட்பார். அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர் என்பாள். அவர் தலையாட்டிக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பார். போகப் போக எண் பெரிதாயிற்று. அவர் கேட்பது குறைந்தது. ஐப்பசி மழை தொடங்கிய நேரம் கேட்பதையே விட்டுவிட்டார். காலையில் அவள் முற்றத்தில் நிற்பதைக் கண்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுவார். நானும் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் அவள் தெருக் கானடியில் குந்தியிருப்பதை அடிக்கடி கண்டேன். பம்புக் குழாயில் இருந்து கொட்டுகிற தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். பிறகு மேலே கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வைப்பாள். சட்டென்று மெலிந்துபோனாள். இரவில் அவள் மேலே நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு புதன்கிழமை. நான் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மாமா சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் படுத்திருந்தார். வாசற்கதவு சுவரில் அடிபட்ட சத்தம் கேட்டு ஓடி வந்தேன். சேற்றுச் சப்பாத்தோடு கூடத்துக்குள் நின்றாள். தலையில் வேலைத்தளத்து மஞ்சள் தொப்பி, முகமெல்லாம் தண்ணீர். வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் அவள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

"அக்கா, வெளிய போங்க. அங்கிள் எங்க?"

ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. அறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

மாமா கட்டிலில் எழுந்து இருந்தார். "என்ன பிள்ளை இது?"

"வெளிய வாங்க அங்கிள். இப்பவே."

"ஏன்?"

"தண்ணியோட மணல் வருது. உங்கட அறைக்குக் கீழ இருந்துதான் வருது. வாங்க."

மாமா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் ஒருக்கா ஓடினனான். வீடு எரிய எரிய ஓடினனான். திரும்பி வந்து பாக்கேக்கை ஒரு கரண்டிகூட மிஞ்சேல்லை. இது எரியேல்லைத்தானே? நான் வரேல்லை. நீங்கள் போங்கோ."

நான் அழத் தொடங்கினேன். "மாமா, எழும்புங்கோ மாமா!" அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போக எங்கள் இருவராலும் ஏலாது. அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலின் மற்றப் பக்கம், சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

மாமா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிங்களத்தில் கத்துவது கேட்டது.

"விழுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

மாமா எழும்பினார். மூக்குக் கண்ணாடியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டார். வேறொன்றையும் தொடவில்லை. நாங்கள் மூவரும் மழைக்குள் இறங்கி, எதிர்வீட்டு வாசலில் போய் நின்றோம்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. வீடு மழையில் அப்படியே நின்றது. குழிக்குள் இருந்த வேலையாட்களை மேற்பார்வையாளன் மேலே ஏற்றிவிட்டிருந்தான், அவர்களும் தெருவில் நின்று எங்களையே பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "என்னவாம்?" என்று கேட்டாள். நேரம் போகப் போக மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. "பிறஷர்க் குளிசை உள்ளுக்கு இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு படியால் இறங்கினார். அவள் பாய்ந்து அவருடைய மேற்கையைப் பிடித்தாள். "விடும் பிள்ளை" என்று உதறினார். அவள் விடவில்லை. அவர் சத்தம் போட்டார். அப்போதும் விடவில்லை.

அப்போதுதான் அது போயிற்று. பெரிய இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். லொறியில் இருந்து அரிசி மூட்டைகளை இறக்கிப் போடுகிற மாதிரித்தான் இருந்தது, பொத்துப் பொத்தென்று. முதலில் மதில். பிறகு குளியலறை. பிறகு மாமாவின் அறைச் சுவர், அதன் பின்னாலேயே நிலம். கட்டில் சரிந்து போவதை நான் கண்ணால் கண்டேன். மீதி வீடு, ஒரு பக்கம் திறந்த பெட்டி மாதிரி, நின்றது.

எங்களுக்குப் போக்கிடம் இல்லை. அவளுடைய தகப்பன் ஒரு வான் பிடித்துக்கொண்டு வந்து, மறுபேச்சுப் பேசவிடாமல் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாதா கோயிலுக்குப் பின்னால் சின்ன வீடு. தாயும் தகப்பனும் தங்கள் அறையை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். மாமா அவளைக் காண்கிற நேரமெல்லாம், "இந்தப் பிள்ளை இல்லாட்டி நான் இல்லை" என்று கண் கலங்குவார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாரும் சாப்பிட இருந்தோம். தாய் இறால் குழம்பும் எங்களுக்கென்று தனியாகச் சைவக் கறிகளும் வைத்திருந்தார். மாமா நல்ல மனநிலையில் இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டு, பாராட்டுகிற தொனியில்தான் கேட்டார்.

"அது சரி பிள்ளை, உமக்கு எப்ப தெரிஞ்சது?"

அவள் கையை இலையில் வைத்தாள். "விழுறதுக்கு அஞ்சு நாளைக்கு முதல், அங்கிள். வெள்ளிக்கிழமை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை தண்ணியில முதல் முதல்ல மணல் வந்துச்சு. கொம்பனி எஞ்சினியர் கேட்டாரு, சொன்னேன். பம்பை நிப்பாட்டச் சொன்னேன். நிப்பாட்டினா குழி நிரம்பிரும், வேலை பிந்தும் எண்டாரு. பக்கத்து வீட்டுக்குச் சொன்னா நாளைக்கு உள்ள வரேலாது எண்டாரு. உள்ள போகேலாட்டி என்ட அளவு நிண்டுரும். ரெண்டு வருச வேலை. இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் எண்டு கணக்குப் பாத்தேன். கணக்குப் பிழைச்சிட்டு."

"நான் அந்த அறையில படுத்திருந்தனான்" என்றார் மாமா.

"ஓம், அங்கிள்."

"உமக்குத் தெரியும் நான் அங்க படுக்கிறனான் எண்டு."

"தெரியும்."

தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தகப்பன் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். மாமா கை கழுவினார். உடுப்புகளைப் பையில் போட்டார். தெஹிவளையில் இருந்த அவருடைய தங்கச்சி வீட்டுக்கு அன்று பின்னேரமே போனோம். பஸ்ஸில் நான் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம்" என்றார். எனக்கும் அவள் மேல் நெஞ்சு கொதித்தது. அதே நேரம், அவள் கட்டிலின் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்த காட்சியும் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாமா கொம்பனி மேல் போட்ட வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது. மழையால் பழைய வீடு விழுந்தது, யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க ஏலாது என்று கொம்பனி நின்றது. எங்கள் சட்டத்தரணி அவளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றார். மாமா மறுத்துவிட்டார். அவளுடைய பேராசிரியரும் இதற்குள் தலையைப் போடாதே, படிப்புப் போய்விடும் என்று சொல்லியிருந்தாராம். ஆனால் தவணை நாளன்று அவள் நீதிமன்ற விறாந்தையில் வந்து நின்றாள். யார் சொல்லி வந்தாள் என்று சட்டத்தரணி கேட்டதற்கு, "ஒருத்தரும் சொல்லல்ல" என்றாள்.

இந்த முறை மாமா தலையாட்டினார். அவள் கூண்டில் ஏறி, கொம்பனிக்கு எப்போது தெரியும் என்று கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு கொம்பனியின் சட்டத்தரணி எழும்பினார். நல்ல உயரம், கனத்த குரல். கேள்விகளால் அவளைத் திருப்பித் திருப்பி அடித்தார்.

"உங்களுக்கும் அன்றைக்கே தெரியும்?"

"தெரியும்."

"அந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தீர்கள்?"

"ஓம்."

"அந்தக் கிழவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டீர்கள். சொல்லவில்லை?"

"சொல்லல்ல."

"உங்கள் ஆராய்ச்சிக்காக."

"ஓம். என்ட ஆராய்ச்சிக்காக."

ஒரு சாட்டும் சாக்கும் சொல்லவில்லை. கொம்பனி மிரட்டியது என்றுகூடத் தன் பக்கத்துக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன்னையே இப்படிக் கிழித்துக்கொள்கிற ஒருத்தி மற்றதில் மட்டும் ஏன் பொய் சொல்லப் போகிறாள் என்று நீதிபதிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்த தவணைக்கு முதலே, அறையையும் மதிலையும் கட்டித் தருகிறோம் என்று கொம்பனி இறங்கி வந்தது.

சாட்சி சொல்லி முடித்து அவள் படியால் இறங்கியபோது நாங்கள் கீழே நின்றோம். அவள் விலகிப் போகப் பார்த்தாள்.

"பிள்ளை" என்றார் மாமா. "சாப்பிட்டீரோ?"

"இல்ல அங்கிள். காலையில இருந்து ஒண்டும் இறங்கல்ல."

செட்டியார் தெருவில் ஒரு சைவக் கடைக்குப் போனோம். மூவருக்கும் சோறு வந்தது. நான்தான் கேட்டேன்: "உம்மட படிப்பு?"

"நிண்டுட்டு அக்கா. அளவெல்லாம் வழக்கில இருக்கு, பாவிக்கேலாது. வேற தலைப்பில முதல்ல இருந்து துவங்கணும். கம்பஸ் சேர் என்னை எடுப்பாரா தெரியாது." கொஞ்சம் பொறுத்து மாமாவின் பக்கம் திரும்பினாள். அவள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்க இவ்வளவு தயங்கி நான் கண்டதில்லை. "வீடு கட்டி முடிஞ்சா, அந்த மேல் அறையைத் திரும்ப எனக்குத் தருவீங்களா அங்கிள்?"

மாமா அவளை நேராகப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை. தரமாட்டன். என்னால நித்திரை கொள்ளேலாது."

அவள் முகம் சிவந்தது. கண் நிரம்பியது. ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"சரி அங்கிள்" என்றாள்.

இலையில் மிச்சமிருந்த சோற்றுக்கு ரசத்தை விட்டுப் பிசைந்தாள். பரிமாறுகிறவர் வாளியோடு எங்கள் மேசையைத் தாண்டிப் போனார். மாமா கையை நீட்டி அவரை மறித்தார்.

"பிள்ளைக்கு இன்னொரு வடை வையும்" என்றார்.

அவர் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.